காம்பவுண்ட் சுவருக்குள் ‘பசுமை வளாகம்’, சுவருக்கு வெளியே கரையும் தீவு: தூத்துக்குடி கல்லூரிகளால் என்ன செய்ய முடியும்?

ஜூன் 5 வந்தால் போதும். கல்லூரி வாசலில் பேனர், முதல்வர் கையில் மண்வெட்டி, என்.எஸ்.எஸ். மாணவர்கள் கையில் மரக்கன்று, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. அடுத்த வருஷம் ஜூன் 5 அன்று அதே குழியில் இன்னொரு கன்று! தமிழ்நாட்டில் எந்த ஊர் கல்லூரியில் படித்தவர்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

தூத்துக்குடியில் இந்தக் காட்சிக்குப் பின்னால் கடல் இருக்கிறது. நகரத்துக்கு மிக அருகில் உள்ள வான் தீவு, 1986ல் சுமார் 16 ஹெக்டேர், அதாவது 40 ஏக்கர் அளவில் இருந்தது. 2014ல் மிஞ்சியது சுமார் 2 ஹெக்டேர், வெறும் 5 ஏக்கர். முப்பது வருஷத்துக்குள் ஒரு தீவு எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

ஆனால் அந்தத் தீவு மூழ்கவில்லை. அதைத் தடுத்ததில் இதே ஊரின் பீச் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கல்வி நிறுவனங்கள் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்யலாம் என்று கேட்டால், மரம் நடுவதைத் தாண்டிய ஒரு பதில் இங்கே இருக்கிறது. அந்தப் பதில் என்ன, அது எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும்? பார்க்கலாம்.

‘பசுமை வளாகம்’னா என்ன? யார் கேட்கிறார்கள்?

முதலில் நீதிமன்றம். எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் பட்டப்படிப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ‘சுற்றுச்சூழல் கல்வி’ கட்டாயத் தாள் வந்தது. பி.காம். படித்தாலும் பி.ஏ. தமிழ் படித்தாலும் ஓசோன் படலம் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு பதில் எழுதாமல் வெளியே வந்திருக்க முடியாது.

அடுத்தது மதிப்பெண். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டு முறையில் 7 அளவுகோல்கள் இருந்தன. மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் ஏழாவது அளவுகோலுக்கு 100. இந்த 100க்குள் ‘நிறுவன விழுமியங்கள், சமூகப் பொறுப்பு’ என்ற தலைப்புக்கு 50. சோலார் இருக்கிறதா, மழைநீர் சேகரிப்பு உண்டா, குப்பையை எப்படிக் கையாளுகிறீர்கள், பசுமைத் தணிக்கை செய்தீர்களா என்ற கேள்விகள் எல்லாம் அந்த 50க்குள்தான் வரும். பாலின சமத்துவம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி போன்றவையும் அதே 50ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

கணக்கைக் கவனியுங்கள். ஒரு கல்லூரி சுற்றுச்சூழலுக்காக எவ்வளவு உழைத்தாலும், ஆயிரத்தில் ஐம்பதுக்கும் குறைவான மார்க்குக்குத்தான் அது போகும். 2020ல் பல்கலைக்கழக மானியக் குழு ‘சதத்’ என்ற பெயரில் ஒரு பசுமை வளாக வழிகாட்டியும் வெளியிட்டது. அது வழிகாட்டி. சட்டம் அல்ல.

இதனால் என்ன நடக்கும்? எண்ணக்கூடியது மட்டும் நடக்கும். எத்தனை கன்று, எத்தனை சோலார் பலகை, எத்தனை எல்இடி பல்பு, எத்தனை விழிப்புணர்வு முகாம். ஆதாரத்துக்கு ஜியோ-டேக் போட்டோ. ஒரே நாளில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ‘கிரீன் கேம்பஸ்’ சான்றிதழ் கொடுக்கும் தனியார் ஏஜென்சிகளும் உண்டு. அந்தக் கன்றுகள் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருக்கின்றனவா என்பதற்கு மார்க் கிடையாது.

கல்லூரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கொடுப்பார்கள்.

தூத்துக்குடிக்கு மட்டும் ஏன் வேற கணக்கு?

கோவையிலோ தென்காசியிலோ ஒரு கல்லூரி ஆயிரம் கன்று நட்டால் பாதியாவது பிழைக்கும். தூத்துக்குடி அப்படி இல்லை. ஆண்டு சராசரி மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். கரையோரம் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் உப்பு விளையும் பகுதி இது. உப்பளம் விளையும் மண்ணில் பூந்தோட்டம் விளையுமா?

குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியில் இருந்து குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றி புல்வெளி வளர்த்துவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். பனை, பூவரசு, புன்னை, வேம்பு, உடை என்று இந்த மண்ணைத் தாங்கும் மரங்கள் இருக்கின்றன. ஆனா பனை வளர்ந்து நிற்கப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வுக் குழுவுக்கு அதைக் காட்ட முடியாது.

சோலார் விஷயமும் அப்படியே. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் உப்புக் காற்று இரும்புச் சட்டத்தையும் இணைப்புகளையும் அரிக்கும். பலகையில் தூசியும் உப்பும் படிந்தால் மின்சாரம் குறையும். மாட்டியதோடு வேலை முடியாது. துடைக்க ஆள் வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் காசு வேண்டும்.

அப்புறம் பக்கிள் ஓடை. நகரத்தின் நடுவே ஓடி, திரேஸ்புரம் பக்கம் கடலில் விழும் ஓடை இது. மழைநீர் வடிய வேண்டிய ஓடையில் கழிவுநீரும் குப்பையும் சேர்ந்தே போகின்றன. கேன்டீனில் இருந்து வெளியேறும் சாம்பார் தண்ணீர், லேப் சிங்க்கில் ஊற்றும் ரசாயனம், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் உப்புத் தண்ணீர், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் கவர் என எதுவாக இருந்தாலும் நகரத்துச் சாக்கடையில் கலந்துவிட்டால் அதன் கடைசி ஸ்டாப் கடல்தான். தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. ஆனாலும் மழை பெய்த மறுநாள் ஓடையின் முகத்துவாரத்தைப் போய்ப் பார்த்தால் தடையின் நிலவரம் தெரியும்.

மழை என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஒரு வருஷத்து மழையைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆனால் வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டு, மூலையில் ஒரு குழி தோண்டி ‘மழைநீர் சேகரிப்பு’ என்று போர்டு வைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்கு.

சரி, வான் தீவு ஏன் கரைந்தது?

தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பை கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. தூத்துக்குடி பக்கம் இருப்பவை நான்கு: வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி. இதில் விலாங்குசல்லி இப்போது இல்லை. கீழக்கரை பக்கம் இருந்த பூவரசன்பட்டியும் இல்லை. இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் 21 தீவுகள் என்று பாடப்புத்தகம் சொன்னாலும் கண்ணுக்குத் தெரிவது 19.

இந்தத் தீவுகள் எல்லாம் மணல் மேடுகள். அவற்றைச் சுற்றி அரணாக நிற்பவை பவளப்பாறைகள். பெரிய அலை வந்தால் முதலில் பாறையில் மோதி வலுவிழக்கும், அதற்குப் பிறகுதான் தீவைத் தொடும். அந்த அரணை நாமே பெயர்த்தெடுத்தோம். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் இங்கே பவளக் கற்களை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். அந்தக் கல்லை வைத்துக் கட்டிய பழைய வீடுகளைக் கரையோர ஊர்களில் இன்றும் பார்க்கலாம்.

2001ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டப்படி புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு பவளத்துக்கும். ஆனாலும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான், பாறை இருந்ததால் கரை தப்பியது என்ற பேச்சு மீனவ ஊர்களில் பரவி, 2005 வாக்கில் பெரும்பாலும் நின்றது. சட்டம் சாதிக்காததை பயம் சாதித்தது என்று சொல்லலாம்.

வெட்டுவது நின்றது, அரிப்பு நிற்கவில்லை. அரண் போன பிறகு அலை தீவைத் தின்பதை யார் தடுப்பது?

பீச் ரோட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக எஸ்.டி.எம்.ஆர்.ஐ. வழக்கமான கல்லூரி இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஆய்வு மையம், இங்கே பிஎச்.டி. செய்யலாம். நீண்ட காலம் இதன் இயக்குநராக இருந்தவர் ஜே.கே.பேட்டர்சன் எட்வர்ட்.

2000களின் தொடக்கத்தில் இருந்தே இந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலையை விடாமல் செய்தார்கள். டைவிங் உடை மாட்டிக்கொண்டு 21 தீவுகளைச் சுற்றியும் இறங்கி, எங்கே எவ்வளவு பவளம் உயிரோடு இருக்கிறது என்று அளந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களைப் பதிவு செய்தார்கள். 2002 வாக்கில் பவளத்தின் சிறு துண்டுகளை கான்கிரீட் சட்டங்களில் கட்டி கடலடியில் வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். நாம் செம்பருத்தியைக் கிளை வெட்டிப் பதியம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. பின்னர் கடற்புல்லையும் அதேபோல் நட்டுப் பார்த்தார்கள்.

இதில் எதுவும் டிவி நியூஸில் வரும் விஷயம் இல்லை. (நாங்களும் அப்போது கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) ஆனால் 2014ல் வான் தீவு 5 ஏக்கராகச் சுருங்கி நின்றபோது அரசின் கையில் ஒரு விஷயம் தயாராக இருந்தது: தீவு எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு கரைந்தது என்ற அளவீடு. அது இல்லாமல் எந்தத் திட்ட அறிக்கையும் எழுத முடியாது.

தேசிய காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதியில் இருந்து மன்னார் வளைகுடாவுக்காக 24.74 கோடி ரூபாய் திட்டம் அனுமதிக்கப்பட்டது. வான் தீவுப் பணி அதன் முக்கியமான பகுதி. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை அலையின் வேகம், திசை எல்லாவற்றையும் கணக்கிட்டு கான்கிரீட் கட்டமைப்புகளை வடிவமைத்தது. சரிவகம் மாதிரி வடிவம், பக்கங்களில் துளைகள். 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் தீவின் கடல் பக்கம் வரிசையாக இறக்கப்பட்டன.

எப்படி வேலை செய்கிறது? நேராகச் சுவர் கட்டினால் அலை மோதித் திரும்பி வேறு இடத்தை அரிக்கும். கல் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பிய கடற்கரைகளில், பக்கத்து ஊர் அரிக்கப்படுவதைத் தமிழ்நாட்டு மீனவர்கள் பல இடங்களில் பார்த்துவிட்டார்கள். இந்தக் கட்டமைப்புகள் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அலை மேலே போகும்போது அதன் வேகத்தை உடைக்கும், துளை வழியாகத் தண்ணீரை விடும். வேகம் குறைந்த தண்ணீர் தான் சுமந்து வரும் மணலை தீவுப் பக்கம் இறக்கிவிட்டுப் போகும். கான்கிரீட்டில் பவளம் ஒட்டும், இடுக்கில் மீன் தங்கும். பழைய பவளப்பாறை செய்த வேலையை ஒரு மாற்று ஆள் பார்க்கிற மாதிரி.

ஜெயித்ததா?

பாதி.

நீர் வற்றும் நேரத்தில் 2 ஹெக்டேர் சொச்சமாக இருந்த வான் தீவு, பிந்தைய அளவீடுகளில் 3 ஹெக்டேரைத் தாண்டியது. சுருங்குவது நின்று, மெல்ல மேடேறத் தொடங்கியது. பழைய 16 ஹெக்டேர் திரும்ப வரவில்லை. இப்போதைக்கு வரவும் போவதில்லை. பவளப்பாறை தானாக வளர நூற்றாண்டுகள் ஆகும், வெட்டியெடுக்க நமக்குச் சில பத்தாண்டுகள் போதுமாக இருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். பவளம் ஒரு உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் கொடுக்கிறது. கடல்நீர் வாரக்கணக்கில் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாகிவிடும். அதைத்தான் ‘வெளிறுதல்’ என்கிறார்கள். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆபத்தான மாதங்கள். 2010ல் ஒரு பெரிய அடி. 2016ல் அதைவிடப் பெரிய அடி. சுமார் 39 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு அந்த ஒரே கோடையில் சுமார் 23 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த எண்களும் அதே ஆராய்ச்சியாளர்கள் முங்கி எடுத்தவைதான். உலக அளவில் நான்காவது பெரும் வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘நோவா’ அமைப்பு அறிவித்தது.

அதாவது, வருஷக்கணக்கில் ஒவ்வொரு துண்டாகப் பதியம் போட்டதை ஒரு கோடை அழித்துவிட முடியும். தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் எவ்வளவு உழைத்தாலும் கடலின் வெப்பத்தை அது தீர்மானிக்க முடியாது. இந்த ஊரில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. அதே ஊரில் 2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகம், தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் உதவும் பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலையைத் தொடங்கியது. சிறிய ஆலை, 3.87 கோடி ரூபாய். இந்த இரண்டில் எது எவ்வளவு வேகமாக வளரும், எது எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதில் பவளத்தின் எதிர்காலமும் இருக்கிறது.

கான்கிரீட்டை இறக்கி இயற்கையைக் காப்பாற்றுவதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஓரிடத்தில் தேங்கும் மணல் வேறு எங்கோ போய்ச் சேரவேண்டிய மணல்தானே? அதனால்தான் ஒரு தீவில் செய்தால் பக்கத்துத் தீவையும் அளக்க வேண்டும். இறக்கிவிட்டு வந்துவிட முடியாது.

அடுத்தது காரைச்சல்லி

இப்போது பேசப்படும் தீவு காரைச்சல்லி. 1969ல் 20.85 ஹெக்டேர். 2018ல் 5.70 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 51ல் இருந்து 14.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 49 வருஷத்தில் போனது 15.15 ஹெக்டேர். வருஷத்துக்குச் சராசரியாக 0.31. இதே வேகம் தொடர்ந்தால் மீதமுள்ள 5.70 ஹெக்டேருக்கு 18 வருஷம். 2018உடன் 18ஐக் கூட்டினால் 2036. இன்று கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கடல் நேர்கோட்டில் கணக்குப் போடாது, ஒரு புயல் வருஷம் இதை முன்னே தள்ளலாம். ஆனால் எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

வான் தீவு முறையைக் காரைச்சல்லியிலும் செய்யும் திட்டத்துக்குச் சுமார் 50 கோடி ரூபாய் என 2025ல் செய்தி வந்தது. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘நெய்தல் மீட்சி இயக்கம்’ இதற்குப் பணம் தருகிறது. 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இயக்கம் இது.

இந்த வரிசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். உலக வங்கிப் பணம், மாநிலத் திட்டம், ஐஐடி வடிவமைப்பு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 20 வருஷம் முங்கி முங்கி எடுத்த அளவுக் குறிப்புகள்.

இது இந்த ஊருக்குப் புதுசு இல்லை

முத்து நகர் என்கிறோம். ஆனால் இந்தியக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். அந்தக் காலத்தில் நினைத்த நேரத்தில் முங்கிவிட மாட்டார்கள். முதலில் அதிகாரிகள் படகில் போய் ஒவ்வொரு ‘பார்’ ஆகச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, அதில் கிடைக்கும் முத்தை மதிப்பிட்டு, குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் பார்த்த வேலை அதுதான். அரசுக்கு அதில் வருமானக் கணக்கு இருந்தது என்பதும் உண்மை. எந்தப் பாரில் என்ன இருக்கிறது என்பதை முங்கும் மனிதர்களும் தலைமுறையாக மனதில் எழுதி வைத்திருந்தார்கள். இன்றும் சங்கு குளிப்பவர்களிடம் அந்த வரைபடம் உண்டு.

1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் சிப்பிக்குள் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டது. 1977ல் மீன்வளக் கல்லூரி வந்தது. 1951ல் இருந்து வ.உ.சி. கல்லூரி இருக்கிறது. கடலைப் படிக்கவும் அளக்கவும் இந்த ஊரில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சுற்றுச்சூழல் என்ற சொல்லின் எடையும் இந்த ஊருக்குத் தெரியும். 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த ஊர் இது. காற்றிலும் தண்ணீரிலும் என்ன கலந்திருக்கிறது என்று ஆலை ஒரு எண்ணும் மக்கள் ஒரு எண்ணும் அரசு ஒரு எண்ணும் சொன்ன வழக்கு, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலைத் தரப்பின் மனுவைத் தள்ளுபடி செய்யும் வரை நீண்டது. எந்தப் பக்கமும் சாராத, ஊருக்குள்ளேயே எடுத்த, வருஷக்கணக்கான அளவீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அப்போ மத்த கல்லூரிகள் என்ன செய்யலாம்?

எல்லா கல்லூரியும் கடலில் கான்கிரீட் இறக்க முடியாது. ஆசைப்பட்டாலும் முடியாது. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக்கூட முடியாது. ‘தீவைச் சுத்தம் செய்கிறோம்’ என்று இரண்டு பஸ் மாணவர்களோடு கிளம்பினால் வழக்குதான் வரும்.

ஆனால் ஒரு வேதியியல் துறை, மாதம் ஒருமுறை பக்கிள் ஓடையில் ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதி வைக்கலாம். இதற்குத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இளங்கலை லேபிலேயே இருப்பவை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எப்படியும் புராஜெக்ட் செய்யத்தான் போகிறார்கள். ஒவ்வொரு பேட்சும் புதுத் தலைப்பு தேடுவதற்குப் பதில், முந்தைய பேட்ச் விட்ட இடத்தில் தொடர்ந்தால் பத்து வருஷத்தில் நகரத்திடம் இல்லாத ஒரு பதிவேடு கல்லூரியிடம் இருக்கும். தாவரவியல் துறை நட்ட கன்றுகளில் எது செத்தது, எந்த இனம் உப்பைத் தாங்கியது என்று எழுதி வைத்தாலே அடுத்து நடுபவர்களுக்கு அது பெரிய உதவி. செத்த கன்றைப் பற்றிய குறிப்புக்கும் மதிப்பு உண்டு. ‘நாக்’ படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வளாகத்துக்குள்ளும் வேலை இருக்கிறது. ஆர்.ஓ. கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் கழிப்பறைக்குத் திருப்புவது, பேவர் பிளாக்கைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுவது, 2023 மழையில் எந்தக் கட்டடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் கோடு போட்டு வைப்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். அந்த வெள்ளத்தை நேரில் பார்த்த மாணவர்கள் படிப்பை முடித்து ஒவ்வொரு பேட்சாக வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய தடை பணம் இல்லை. தொடர்ச்சிதான். ஆர்வமுள்ள பேராசிரியர் ஓய்வு பெற்றால் அவர் நடத்திய சுற்றுச்சூழல் மன்றம் பெயரளவுக்குத்தான் இருக்கும். வான் தீவின் அளவீடுகள் நீடித்ததற்குக் காரணம், அளப்பதே முழுநேர வேலையாக ஒரு நிறுவனம் இருந்தது. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, அட்மிஷன் வேலையும் பார்க்கும் கல்லூரி ஆசிரியரிடம் அதே எதிர்பார்ப்பை வைக்க முடியாது. அவருக்கு வகுப்புச் சுமையில் இரண்டு மணி நேரம் குறைத்துக் கொடுப்பது, பல்கலைக்கழகமும் நிர்வாகமும் நினைத்தால் முடிகிற காரியம்.

காரைச்சல்லியிலும் இதே கேள்விதான் வரப்போகிறது. கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கத் திட்டத்தில் பணம் இருக்கிறது. திட்டம் முடிந்த பிறகு, 2030களில், ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே முங்கிப் பார்த்து எழுதப்போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் இருந்து வரும் என்பதையும் இப்போதே அறிக்கையில் சேர்க்க வேண்டும். தூத்துக்குடியில் அந்த வேலைக்குத் தகுதியான படிப்பை முடித்து வருஷாவருஷம் வெளியே வரும் பிள்ளைகள் பலர், வேலை தேடி வேறு ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.